மிஸ்டர் எவரும் இல்லாத தோட்டம்

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகலில், வலப்பனையில் நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு ஒரு தந்தி வந்தது. "மிஸ்டர் மருதமுத்து காலமானார். நாளை அடக்கம். செல்லமுத்து." அதைக் கொண்டுவந்த தபால் சேவகர் கையொப்பம் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். துக்கச் செய்தி என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரிய உத்தியோகத்தருங்களா ஐயா?"

"ஆமாம்."

"எந்தக் கந்தோருல இருந்தாரு?"

"பொகவந்தலாவைப் பக்கம்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்காக ஓர் அரசாங்கத் தொப்பி இறங்கியதில் அரசாங்கத்துக்கு எந்த நட்டமும் இல்லை. மருதமுத்து அவர்களை அறிந்தவர்களுக்கு இவ்வளவு போதும். அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டில், பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இரண்டாவது கிளாக்கராகச் சேர்ந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். துரையின் பெயரும் வேண்டாம். அங்கேயே பிறந்து பல் விழுந்தவர்களுக்கும் அது தெரியாது. அவர் பெரிய தொரை. அவருக்கு முன்பு இருந்தவரும் பெரிய தொரை, பின்பு வந்தவரும் பெரிய தொரை. அவருடைய உதவியாளர் சின்ன தொரை. மலையில் வேலையை மேற்பார்த்தவர் கண்டாக்கையா. ஆலையில் இருந்தவர் டீமேக்கரய்யா. மருந்து கலக்கிக் கொடுத்தவர், எந்தப் பரீட்சைக்கும் போகாமலே, டாக்டரய்யா. இந்த ஏணியின் அடியில்தான் பெயர்கள் தொடங்கின. அங்கேயும் முழுப் பெயர்கள் இல்லை. கருப்பையா கருப்பன் ஆனார், செல்லமுத்து செல்லன் ஆனார், மற்றவர்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எண்கள் ஆனார்கள்.

மருதமுத்து அந்தத் தோட்டத்தின் தபால்காரர். துரை உடுத்திக் கழித்த காக்கிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பூட்டிய தோல் பையைத் தோளில் மாட்டி, காலையில் பொகவந்தலாவைக் கடைவீதிக்கு இறங்குவார். நண்பகலுக்குள் ஏறி வந்துவிடுவார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழைத் தடையில்லாமல் வாசிப்பார். ஆங்கிலத்தில் அவருடைய புலமை ஒரு தனி வகை. உறைக்குள் இருக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. உறையின் மேல் இருக்கும் ஆங்கிலம் முழுவதும் தெரியும். யாருக்கு எஸ்கொயர், யாருக்கு ஹானரபிள், நீதவானுக்கு என்ன, வழக்கறிஞருக்கு என்ன, பிஷப்புக்கு என்ன என்று அவரைக் கேட்டால் போதும்.

நான் சேர்ந்த புதிதில், நுவரெலியாவில் இருந்த ஒரு மருத்துவருக்குக் கடிதம் அனுப்பினோம். தலைமைக் கிளாக்கர் மரியாதையில் குறை வரக் கூடாது என்று மிஸ்டர், டாக்டர், எஸ்கொயர் மூன்றையும் சேர்த்து எழுதச் சொன்னார். உறையைப் பைக்குள் போடும் நேரத்தில் மருதமுத்து எட்டிப் பார்த்தார்.

"பெரிய கிளாக்கரய்யா, மிஸ்டர் போட்டா எஸ்கொயர் போட மாட்டாங்க. டாக்டர் போட்டா அது ரெண்டையுமே போட மாட்டாங்க."

"யார்றா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பதினோரு வருசமா சொமக்குறேன். மூணும் ஒண்ணாச் சேந்து ஒரு கடுதாசியும் வந்ததில்ல. இன்னொண்ணுங்க, இவரு அறுத்துத் தைக்கிற டாக்டரு. அவுங்களுக்கு வெறும் மிஸ்டர்தான்."

"படிச்ச டாக்டரை எவனாச்சும் மிஸ்டர்னு சொல்லுவானா?"

"வெள்ளக்காரங்க அப்படித்தான் போடுறாங்க. மருந்து குடுத்தா டாக்டரு, கத்தி புடிச்சா மிஸ்டரு. அப்படிப் பாத்தா நம்ம கவ்வாத்துக்காரங்க அத்தன பேரும் மிஸ்டருங்கதான்."

தலைமைக் கிளாக்கர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை; எனக்கு அப்போது தகுதிகாண் காலம். உறையை மாற்றி எழுதினேன். அந்த மருத்துவரிடமிருந்து வந்த பதில் கடிதத்தின் தலைப்பில் அவர் பெயருக்கு முன்னால் மிஸ்டர் என்றுதான் அச்சிட்டிருந்தது.

தொழிலாளர்களுக்கு வரும் கடிதங்களை மாலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொடுப்பது வழக்கம். தலைமைக் கிளாக்கர் கொடுத்த காலத்தில் அது சீக்கிரம் முடிந்துவிடும். "டேய் நொண்டிக் கருப்பா." "ஏய், மீனாச்சி இருக்காளா?" மடுவத்துக் குளிர் அவருடைய நெஞ்சுக்கு ஒத்துவராமல் போகவே, அந்த வேலை மருதமுத்துவிடம் வந்து சேர்ந்தது. திருச்சி, மதுரைப் பக்கத்து உறவினர்கள் அந்த நாளில் முகவரி எழுதுவதில் சிக்கனம் பார்ப்பதில்லை. மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கி அவர்களுக்கு என்று முடிப்பார்கள். மருதமுத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார்.

"மகாராஜராஜஸ்ரீ பெரியசாமி மகன் கருப்பையா அவர்களுக்கு."

மடுவமே சிரித்தது. "மகாராசா, மம்பட்டியக் கீழ வச்சிட்டு வாங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "பல்லக்கு எங்கப்பா?" என்றார் இன்னொருவர். கருப்பையா காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

சில வாரங்களில் சிரிப்பு நின்றது. சௌபாக்கியவதி மீனாட்சி அம்மாள் என்று தம் பெயர் வருவதைக் கேட்ட ஒரு பெண், கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, நிமிர்ந்து நடந்து வந்ததை நான் பார்த்தேன். கண்டாக்கையாவும் பார்த்தார். நிறுவை தாமதப்படுகிறது என்று கந்தோரில் முறையிட்டார். தலைமைக் கிளாக்கர் மருதமுத்துவை அழைத்தார்.

"பேரை மட்டும் கூப்புடு. ராசா, மந்திரி எல்லாம் வேணாம்."

"எழுதுனவங்க எழுதியிருக்காங்க. அதுல பாதிய நான் முழுங்குனா அது தபால் திருட்டுங்க. அதுக்கு மறியல் இருக்கு, உள்ள தள்ளிருவாங்க."

சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்பதுபோலத் தலைமைக் கிளாக்கர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. "இருக்கலாம்" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் காட்டிய முதல் துணிச்சல் அதுதான். அடுத்ததற்கு வெகுகாலம் பிடித்தது.

அது குடியுரிமை மனுக்களின் காலம். இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்களிடம், இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். மருதமுத்து மனுப் போட்டிருந்தார். லயம் என்ற வரிசை வீடுகளில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த செல்லமுத்துவும் மனைவிக்கும் மூன்று பெண்களுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வரும். அழைத்த நாளில் போகாவிட்டால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானவர்களின் அடுத்த வழி இந்தியாவுக்குப் போகும் கப்பலில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒருநாள் பையிலிருந்து பழுப்பு நிற அரசாங்க உறை ஒன்று விழுந்தது. மிஸ்டர் வீ. செல்லமுத்து என்று தட்டச்சில் இருந்தது. தலைமைக் கிளாக்கர் அதை முன்னும் பின்னும் திருப்பினார்.

"யாருக்கு வந்தது இது?"

"நம்ம செல்லமுத்துவுக்காக இருக்கும்" என்றேன்.

"அவன் செல்லன். இது மிஸ்டர் செல்லமுத்து. இந்தத் தோட்டத்துல மிஸ்டர் மூணே பேரு. தொரை, டீமேக்கர், நான். நீயே இன்னும் ஆகல."

"மரியாதைக்காகப் போட்டிருப்பாங்க."

"கூலிக்கா? கவருமெண்டு அப்படியெல்லாம் தப்புப் பண்ணாது. வேற தோட்டத்துல எவனாச்சும் உத்தியோகத்தன் இருப்பான். திருப்பி அனுப்பு."

அவர் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அரசாங்கத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு. அவர் சொல்லச் சொல்ல, உறையின் மேல் நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்தப் பெயரில் கனவான் எவரும் இந்தத் தோட்டத்தில் இல்லை. எழுத்து நன்றாக அமைந்திருந்தது. மறுநாள் காலை அந்த உறை பூட்டிய பைக்குள் இறங்கிப் போனது. சுமந்துகொண்டு போனவர் மருதமுத்து.

இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி இன்னோர் உறை வந்தபோது, கடைவீதித் தபால் அதிபருக்குப் பழைய உறை நினைவுக்கு வந்தது. "இப்படி ஓர் ஆளே ஒங்க தோட்டத்துல இல்லைன்னு போன தடவை எழுதி அனுப்பிட்டாங்களே" என்று மருதமுத்துவிடம் கேட்டிருக்கிறார். மருதமுத்து உறையைப் பையில் போட விடவில்லை. மலை ஏறி வந்து, செல்லமுத்துவை வேலைத்தளத்திலிருந்து கூட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கி, அங்கேயே கையொப்பம் இட்டு வாங்க வைத்தார். உள்ளே இருந்தது தள்ளுபடி அறிவித்தல். அழைத்தும் வரவில்லை என்பது காரணம். மேன்முறையீட்டுக்குச் சில நாட்களே இருந்தன.

அன்று மாலை மருதமுத்து என் மேசைக்கு அருகில் வந்து நின்றார்.

"சின்னக் கிளாக்கரய்யா, அந்த மொத கவருல யாரு எழுதுனது?"

"கந்தோருல எழுதினது" என்றேன்.

"சரிங்க" என்றார். 

நாள் தவறாமல் போட்ட அந்த மேன்முறையீட்டின் விசாரணை ஹட்டனில் நடந்தது. தோட்டத்தின் சார்பில் செக்ரோலைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். செல்லமுத்துவின் சாட்சியாக மருதமுத்து வந்திருந்தார். அவர்களுக்கு முன்னால் போனவர்கள் அதிகாரியைச் சாமி என்றார்கள், தொரை என்றார்கள், ஒருவர் காலைத் தொடப் போனார். மருதமுத்து நிமிர்ந்து நின்று, உறையின் மூலையில் அச்சிட்டிருந்த பதவிப் பெயரை அப்படியே சொன்னார். "விசாரணை உத்தியோகத்தர் அவர்களுக்கு வணக்கம்."

அதிகாரி சிங்களவர். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார்.

"எல்லோரும் என்னைத் துரை என்கிறார்கள். உங்களுக்கு மட்டும் என்ன?"

"தொரைன்னா தோட்டத்து ஆளுங்க. அவரு போன்னா நாங்க போகணும். நீங்க கவருமெண்டு. ஒங்களையும் தொரைன்னு கூப்புட்டா, அப்புறம் தோட்டத்து மேல பிராது சொல்ல எங்களுக்கு யாருங்க இருக்காங்க?"

மொழிபெயர்ப்பாளர் அதைக் கொஞ்சம் தணித்து ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு புரிந்திருக்க வேண்டும். "அவர் சொன்னது முழுவதையும் சொல்லுங்கள்" என்றார். பிறகு கோப்பிலிருந்து பழைய உறையை எடுத்து வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"இந்தப் பெயரில் கனவான் எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறதே."

"ஒங்க முன்னாடிதான் நிக்கிறாருங்க. மிஸ்டர்னு போட்டது நாங்க இல்ல, ஒங்க கந்தோரு. நீங்க குடுத்த மிஸ்டரத் தோட்டத்துக் கந்தோரு புடுங்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எழுதியது யார்?"

மருதமுத்து என் பக்கம் திரும்பவில்லை. என் கையெழுத்தை அன்றாடம் தோளில் சுமந்தவர் அவர். "கந்தோருல எழுதுனதுங்க" என்றார். நான் அவருக்குக் கொடுத்த அதே பதில். அதிகாரி என்னை ஒரு முறை பார்த்தார். நான் செக்ரோலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். அன்று அதை யாரும் பாராட்டாமல் விட்டதில் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை.

தள்ளுபடி நீக்கப்பட்டது. மறுவிசாரணை நடந்து, செல்லமுத்துவும் மனைவியும் மூன்று பெண்களும் இந்த நாட்டுப் பிரசைகளாகப் பதிவானார்கள். அதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. மருதமுத்துவின் விவகாரம் மறுநாள் காலையிலேயே முடிந்துவிட்டது.

துரை கந்தோருக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய தமிழ் கைநூலில் படித்த தமிழ். வேலைவாங்குவதற்குத் தேவையானது முழுவதும் அதில் இருந்தது; வேறு எதுவும் இல்லை.

"நீ ஹட்டன் போயி தோட்டம் பேரு கெடுத்துருச்சு."

"உள்ளதச் சொன்னேங்க, மிஸ்டர்" என்று தொடங்கி, மருதமுத்து அவருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

தலைமைக் கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து அந்தப் பெயரை அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

"நீ என்னை என்னா சொல்லிக் கூப்புட்றது?"

"சீமையில இருந்து ஒங்க அம்மா கடுதாசி போடுறாங்களே, அதுல என்ன போட்டிருக்கோ அதுதாங்க. இத்தன வருசமா நான்தான் கொண்டாறேன். ஒரு தடவ கூட தொரைன்னு போட்டதில்லீங்க."

தாயாரைப் பேச்சில் இழுத்ததைக் குற்றம் என்பதா, தாயார் எழுதியதைத் திருப்பிச் சொன்னதைக் குற்றம் என்பதா என்று துரைக்கு விளங்கவில்லை. மரியாதைக் குறைவு என்று பொதுவாக எழுதும்படி என்னிடம் சொன்னார். ஒருவருடைய பெயருக்கு முன் மரியாதைச் சொல்லைச் சேர்த்ததற்காக மரியாதைக் குறைவு என்று வேலை நீக்கப்பட்ட வேறு எவரையும் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தக் குற்றப்பத்திரத்தையும் நான் அழகாகவே எழுதினேன்.

மருதமுத்துவின் பெயர் செக்ரோலிலிருந்து அடிக்கப்பட்டது. காம்பராவைப் பூட்டினார்கள். அவரும் மனைவியும் செல்லமுத்துவின் காம்பராவில் ஒண்டிக்கொண்டார்கள். ஏழு பேர், ஓர் அடுப்பு. ஐந்து மாதம் கழித்துத் தொழிற்சங்கம் பேசி வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது. தபால் பை கிடைக்கவில்லை. கவ்வாத்துக் கத்தி கிடைத்தது. முதல் நாள் மலைக்குப் போகும் வழியில் கந்தோர் வாசலில் நின்று அதை எனக்கு உயர்த்திக் காட்டினார். "நானும் மிஸ்டராயிட்டேங்க" என்றார்.

அவருடைய சொந்த மனு விசாரணைக்கு வந்தபோதுதான் அந்த ஐந்து மாதம் எழுந்து நின்றது. இடைவெளி இல்லாமல் இங்கே வசித்ததற்குச் செக்ரோல்தான் அத்தாட்சி. செக்ரோலில் இடைவெளி இருந்தது. விசாரணைக்கு முதல் நாள் மாலை நான் அவரைத் தேடி லயத்துக்குப் போனேன். பதிவேடு முழுவதும் என் கையெழுத்துதான், அந்த மாதங்களில் உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"வேணாங்க. அந்த அஞ்சு மாசம் என் பேரு அதுல இல்லாதது நெசம். ஏன் இல்லன்னு அவுங்க கேக்கட்டும். நீங்க எழுதிட்டீங்கன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஆயிரும்."

"கேக்காம விட்டா?"

"விட்டா அது அவுங்க வெக்கம். நான் ஏங்க மூடி வைக்கணும்?"

அவர்கள் கேட்கவில்லை. மனு தள்ளுபடியாயிற்று. அறிவித்தல், மிஸ்டர் மருதமுத்து என்று மிகுந்த மரியாதையோடு வந்தது. இம்முறை தலைமைக் கிளாக்கர் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

நான் பிறகு வேலை மாறி வலப்பனைக்கு வந்துவிட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அண்மையில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எங்களில் யார் யாருக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு போனபோது, இந்தியாவுக்குப் போக மனுப் போடுகிறீர்களா என்று தோட்டத்தில் வந்து கேட்டதாகச் சொன்னார். என்ன பதில் சொன்னீர்கள் என்றேன்.

"நான் மனுப் போட்டது இங்க இருக்குறதுக்கு. நான் போகணும்னா, போகச் சொல்றவங்க மனுப் போடட்டும். யாருக்குப் போடணும், மேல என்ன எழுதணும்னு தெரியலன்னா வந்து கேக்கட்டும், சொல்லித் தாறேன்."

அதுதான் நான் அவரிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு. மார்ச்சளி முற்றிப் பத்து நாள் படுத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தோட்டத்து இடுகாடு, பாறை அதிகம் என்று தேயிலை வைக்காமல் விட்ட சரிவில் இருக்கிறது. செல்லமுத்து குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் பாறை தட்டியது. இது போதும், நேரமாகிறது என்று மேலே நின்றவர்கள் சொன்னார்கள்.

"போதாது" என்றார் செல்லமுத்து. "கடப்பாறையக் குடுங்க. அண்ணன எவனும் கெளப்ப முடியாத ஆழத்துக்குப் போகணும்."

நான் குழியின் விளிம்புக்குப் போனேன். "செல்லமுத்து, அந்த உறையில் எழுதியது நான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் கடப்பாறையை ஊன்றி நிமிர்ந்தார்.

"தெரியும்ங்க. எறங்கி வாங்க. மண்ண அள்ளுங்க."

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். பாறையைப் பெயர்த்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகும் செல்லமுத்து நிறுத்தவில்லை. எங்கள் இருவரின் தலையும் தரைக்குக் கீழே போகும்வரை வெட்டினோம். மருதமுத்து அவர்களை அங்கே இறக்கினோம்.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில் மறைந்தவருக்கு விடை கொடுப்பது வழக்கம். அவர் எங்கும் போகவில்லை. எந்த நாட்டுக் கப்பலும் இனி அவரை ஏற்றிக்கொண்டு போகாது. அதனால் விடை கொடுக்கும் தேவை எழவில்லை.